கபாச்சியில் இரண்டு சிவப்புத் தூண்கள்: கால்சாப் பிள்ளைகளுக்கு ஒரு சாலையின் கதை

பலேர்மோவில் வளர்ந்து, இப்ப லண்டனிலோ பர்மிங்காமிலோ வட இத்தாலியிலோ பிள்ளை வளர்க்கிற ஆட்களுக்கு ஜூலை மாதம் என்றால் என்னவென்று தெரியும். சாந்தா ரொசாலியா திருவிழாவைச் சாட்டி அம்மம்மா அப்பம்மாவைப் பார்க்கப் போவோம். புந்தா ராயிசியில் விமானம் இறங்கும், பெட்டிகளை ஏற்றியதும் கார் ஏ29 இல் ஏறும். இடப்பக்கம் கடல், வலப்பக்கம் மரமில்லாத மலை. கரீனி கழிந்து கபாச்சி வருகிறபோது சாலையின் இரு கரையிலும் ஒவ்வொரு சிவப்புத் தூண் நிற்கும். பின் ஆசனத்திலிருந்து கேள்வி வரும்: "அது என்ன, ஏன் சிவப்பா நிக்குது?"

"அது ஒரு நினைவுத் தூண், ஒரு நல்ல நீதிபதியைக் கொண்டுபோட்டினம்" என்று சொல்லிவிட்டு ரேடியோவின் சத்தத்தைக் கூட்டுகிறவர்கள் எங்களில் கனபேர். பிழை சொல்லவில்லை. ஆனால் அந்தத் தூணில் பெயர் உள்ள மனிதர் பிறந்தது, உங்கட அம்மம்மா முப்பது வருசமாக மரக்கறி வாங்கப் போய்வருகிற அதே கால்சாவில். விமான நிலையத்திலிருந்து கால்சாவுக்குப் போகிற வழியில்தான் அவரைக் கொன்றார்கள். அதனால் இந்தச் சாலையின் கதையைக் கொஞ்சம் பின்னாலிருந்து தொடங்குவோம்.

சிசிலியில் அதிவேக நெடுஞ்சாலை என்றால் எல்லாரும் பொதுவாக 'அவுத்தோஸ்த்ராதா' என்றுதான் சொல்லுவோம், எந்த இலக்கம் என்று பார்ப்பதில்லை. ஏ29 பலேர்மோவின் வடமேற்கு விளிம்பில், வியாலே ரெஜ்ஜோனே சிசிலியானா என்கிற சுற்றுவீதி முடிகிற பக்கம் ஆரம்பிக்கிறது. கரையோரமாக விமான நிலையம் வரை போய், தெர்ராசீனி, பாலெஸ்திராத்தே, கஸ்தெல்லம்மாரே, அல்கமோ என்று நீண்டு, அங்கிருந்து தெற்கே திரும்பி, தீவின் மறுகரையில் மசாரா தெல் வல்லோவில் முடிகிறது. ஏறத்தாழ 115 கிலோமீற்றர். அல்கமோவுக்கு அப்பால் ஒரு கிளை திராப்பனிக்கும் பீர்ஜி விமான நிலையத்துக்கும் பிரிகிறது. செஜெஸ்தாவின் கிரேக்கக் கோயிலைக் காருக்குள் இருந்தபடியே காண்பது அந்தக் கிளையில்தான். 'அனாஸ்' என்ற அரச நிறுவனத்தின் சாலை என்பதால் சுங்கம் இல்லை.

இது ஒரேயடியாகத் திட்டமிட்டுப் போட்ட சாலை இல்லை. இரண்டு வேறுபட்ட தேவைகள் இதை இரண்டு துண்டாகப் பெற்றெடுத்தன.

முதல் துண்டு விமான நிலையத்துக்காக வந்தது. முந்தி பலேர்மோவின் விமானங்கள் நகரத்துக்கு ஒட்டினாற்போல் உள்ள பொக்காதிஃபல்கோவில் இறங்கின. 1960இல் புதிய நிலையத்தை நகரத்திலிருந்து முப்பது கிலோமீற்றருக்கு அப்பால், மலைக்கும் கடலுக்கும் நடுவில் உள்ள ஒடுங்கிய நிலத்தில் திறந்தார்கள். மலையிலிருந்து சுழன்று வரும் காற்றுக்கு அந்த இடம் பேர்போனது. சிசிலிக்காரர் விமானம் தரை தொட்டதும் கைதட்டுவதைப் பிள்ளைகள் பகிடி பண்ணுவார்கள். 1972 மே 5 அன்று ரோமிலிருந்து வந்த விமானம் ஒன்று பக்கத்து மொந்தாஞ்ஞா லொங்கா மலையில் மோதி, அதிலிருந்த 115 பேரும் இறந்தார்கள். வயது போனவர்களின் கைதட்டலில் அந்த நினைவும் உண்டு.

விமான நிலையம் இருக்கிற ஊர் சீனிசி. அது மாஃபியா தலைவன் கயெத்தானோ பதலாமென்தியின் கோட்டை. அங்கே காணி, மணல், கல், சீமெந்து, லொறி எல்லாமே பணம். மூன்றாவது ஓடுபாதைக்காக நிலம் பறிபோன விவசாயிகளோடு சேர்ந்து போராடிய பெப்பீனோ இம்பஸ்தாத்தோ என்ற இளைஞன், பிறகு ஒரு சின்ன வானொலியில் அந்தத் தலைவனைப் பெயர் சொல்லியே நையாண்டி பண்ணினான். 1978 மே 9 அன்று அவனைக் கொன்று, உடலைத் தண்டவாளத்தில் வைத்து வெடிக்கவைத்தார்கள். இத்தாலியப் பள்ளிக்கூடத்தில் படித்தவர்களுக்கு இந்தப் பெயர் புதிதில்லை. அவன் ஊரும் இந்தச் சாலையில்தான் என்பது மட்டும் பலருக்குத் தட்டுப்படுவதில்லை.

இரண்டாவது துண்டின் கதை வேறு. 1968 ஜனவரி 14 இரவும் விடிந்தால் 15ஆம் தேதியும் பெலிச்சே பள்ளத்தாக்கை நிலநடுக்கம் உலுக்கியது. ஜிபெல்லீனா, சலபரூத்தா, பொஜ்ஜோரெயாலே என்ற ஊர்கள் தரைமட்டமாகின. நூற்றுக்கணக்கானோர் இறந்தார்கள், பல்லாயிரம் பேர் வீடிழந்தார்கள். நல்ல பாதை இல்லாததால் உதவி போய்ச்சேரப் பட்ட பாடு வேறு. ஆக, ஏழை மேற்குச் சிசிலிக்கு அபிவிருத்தி என்றால் முதலில் சாலை என்று முடிவாகி, 1970களில் ஏ29 பெலிச்சேயை ஊடறுத்துப் போனது.

சாலை வந்தது, வீடு வரவில்லை. நிலநடுக்கம் நடந்து பத்து வருசத்துக்குப் பிறகும் ஆயிரக்கணக்கான குடும்பங்கள் தற்காலிகக் கொட்டில்களிலேயே இருந்தன. அங்கே பிறந்த பிள்ளைகள் அங்கேயே பள்ளிக்கூடம் போகத் தொடங்கினார்கள். பக்கத்தில், கார் அதிகம் ஓடாத அகலமான புதுச் சாலை. அந்தக் காலத்து இத்தாலியில் இது பெரிய மனக்கசப்பாகப் பேசப்பட்டது. முகாமில் கொட்டில் வாழ்க்கையைக் கண்ட எங்கட பெற்றோருக்கு இதை விளக்கிச் சொல்லத் தேவையில்லை. சாலைக்கு ஒப்பந்தக்காரரும் சீமெந்துக்காரரும் உண்டு, ரிபன் வெட்ட அமைச்சரும் உண்டு. கொட்டிலில் இருக்கிறவனுக்குப் பொறுமை மட்டும்தான். என் அபிப்பிராயத்தில், ஏ29 ஐப் பற்றிப் பேசும்போது கபாச்சிக்குச் சமமாகப் பெலிச்சேயையும் பேசவேண்டும்.

புதிய ஜிபெல்லீனாவைப் பழைய இடத்தில் கட்டவில்லை. இருபது கிலோமீற்றரளவு தள்ளி, இந்த நெடுஞ்சாலைக்கும் ரயில்பாதைக்கும் கிட்டவாக ஒரு சமவெளியில் கட்டினார்கள். ஊர் நகர்ந்து சாலைக்குப் பக்கத்தில் வந்து குந்தியது என்று சொல்லலாம். நுழைவாயிலில் பியேத்ரோ கொன்சாக்ரா செய்த மாபெரும் உலோக நட்சத்திரம் நிற்கிறது. பழைய ஜிபெல்லீனாவின் இடிபாடுகளை அல்பெர்த்தோ பூரி என்ற கலைஞர் வெள்ளைச் சீமெந்தால் மூடி, பழைய ஒழுங்கைகள் இருந்த இடத்தில் நடந்துபோக வெடிப்புப் போன்ற இடைவெளிகளை விட்டிருக்கிறார். 1980களில் தொடங்கிய அந்த வேலை 2015இல்தான் முடிந்தது. 2026க்கு இத்தாலியின் சமகாலக் கலைத் தலைநகராகத் தெரிவானது இதே ஜிபெல்லீனா. கடற்கரை அலுத்துப்போன ஒரு நாளில் பிள்ளைகளைக் கூட்டிப்போக நல்ல இடம். வெயிலுக்குத் தொப்பியும் தண்ணீரும் மறக்கவேண்டாம், அங்கே ஒதுங்க நிழல் இல்லை.

மற்ற இரண்டு பெரிய சாலைகளையும் ஒரு நடை பார்த்துவிடுவோம், கத்தானியாவிலும் மெசீனாவிலும் சொந்தக்காரர் உள்ளவர்கள் அவற்றில்தான் நாளைக் கழித்திருக்கிறார்கள். மெசீனாவுக்குப் போகிற ஏ20 ஐ 1969இல் தொடங்கி, 2004 டிசம்பர் 21 அன்றுதான் கடைசித் துண்டைத் திறந்தார்கள். திறந்து வைத்தவர் பெர்லுஸ்கோனி. முப்பத்தைந்து வருசம்! இடையில் விடுபட்ட பகுதியைப் பழைய கரையோர வீதியில் ஊர்ந்து கடந்த அப்பாமார் இன்றும் அதைச் சொல்லிக் கொட்டாவி விடுவார்கள். கத்தானியாவுக்கான ஏ19, ஈமெரா ஆற்றுப் பள்ளத்தாக்கில் தூண்கள் மேல் ஏறி உள்நாட்டுக்குள் போகிறது. 2015 ஏப்ரல் 10 அன்று ஸ்கில்லாத்தோவுக்கு அப்பால் மலைச்சரிவு ஒன்று வந்து ஈமெரா பாலத்தின் தூண்களைத் தள்ளியது. தீவு நடுவால் இரண்டாக வெட்டுப்பட்டதுபோல் ஆனது, வாகனங்கள் மலையேறிச் சுற்றின. பிராந்தியச் சபை உறுப்பினர் சிலர் தங்கள் சம்பளத்திலிருந்து கொடுத்த பணத்தில் பழைய மாட்டுவண்டித் தடம் ஒன்றைத் தார்போட்டுத் திறந்தது அந்த வருசக் கோடையில். அதிகாரபூர்வ மாற்றுப்பாதை நவம்பரில் வந்தது. புதிய பாலம் திறந்தது 2020 ஜூலை 31. மலையும் களிமண்ணும் நிறைந்த இந்தத் தீவில் ஒரு சாலையைப் போடுவதைவிட அதை விழாமல் பார்த்துக்கொள்வது கஷ்டம்.

இனிக் கால்சா.

'அல் காலிசா' என்ற அரபுப் பெயரிலிருந்து வந்தது இந்தப் பெயர். பத்தாம் நூற்றாண்டில் அரபு ஆட்சியாளர் தங்களுக்கென்று மதில் கட்டி இருந்த பகுதி. ஆயிரம் வருசம் கழித்து, 1943 குண்டுவீச்சில் இது நொறுங்கிப்போனது. மஜியோனே சதுக்கம் இன்று பரந்த வெளியாக இருப்பது யாரும் அழகுக்காக விட்டதால் இல்லை, அங்கிருந்த வீடுகள் குண்டில் போனதால். அந்த இடிபாட்டைக் கடலில் கொட்டித்தான் ஃபோரோ இத்தாலிக்கோவின் கரை இவ்வளவு அகலமானது. இடிந்த வீடுகளுக்குள் வாடகை குறைவு. 1980களில் எங்கட ஆட்கள் வந்து இந்த ஒழுங்கைகளில் அறை எடுத்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

எங்களுக்கு முன்னால் அந்த வெளியில் பந்தடித்த இரண்டு பையன்கள் ஜொவான்னி ஃபல்கோனேயும் பாவ்லோ போர்செல்லினோவும். ஒருவர் 1939 மே 18 பிறந்தவர், மற்றவர் 1940 ஜனவரி 19. ஃபல்கோனேயின் வீடு கஸ்த்ரோஃபிலிப்போ ஒழுங்கையில், போர்செல்லினோவின் வீடும் தகப்பனின் மருந்துக்கடையும் வெத்ரியேரா ஒழுங்கையில். கூப்பிடு தூரம். அதே அக்கம்பக்கத்தில் ஃபல்கோனேயோடு மேசைப்பந்து விளையாடிய இன்னொரு பையன் தொமாசோ ஸ்பதாரோ. அவன் வளர்ந்து சிகரெட் கடத்தலில் 'கால்சாவின் ராசா' ஆனான். பின்னொரு நாள் அவன் குற்றவாளியாகவும் ஃபல்கோனே விசாரணை நீதிபதியாகவும் முகத்துக்கு முகம் இருந்தார்கள். ஒரே தெரு, ஒரே விளையாட்டு. "சூழல் சரியில்லை" என்று அடிக்கடி சொல்லுகிற எங்கட பெரியவர்களுக்கும், சூழலில் ஒன்றுமே இல்லை என்கிறவர்களுக்கும் இந்த ஒரு சம்பவம் போதும், இரண்டு பேரும் கொஞ்ச நேரம் பேசாமல் இருக்க.

ஃபல்கோனேயும் போர்செல்லினோவும் மற்ற நீதிபதிகளும் சேர்ந்து கட்டிய பெருவழக்கு 1986 பெப்ரவரியில் தொடங்கியது. 470க்கும் அதிகமான எதிரிகள். அவர்களை வைத்து விசாரிக்க உச்சியார்தோனே சிறைக்குப் பக்கத்தில் குண்டு துளைக்காத மண்டபம் ஒன்றையே கட்டினார்கள். 1987 டிசம்பரில் தீர்ப்பு. ஆனால் மாஃபியா கடைசி மேல்முறையீட்டை நம்பி இருந்தது, அங்கே எப்படியும் உடையும் என்று. 1992 ஜனவரி 30 அன்று ரோமின் மேல்நீதிமன்றம் தண்டனைகளை உறுதிப்படுத்தியது. அன்றைக்கே ஃபல்கோனேயின் நாள் எண்ணப்பட்டுவிட்டது.

1992 மே 23, சனிக்கிழமை. அப்போது ரோமில் நீதி அமைச்சில் வேலை செய்த ஃபல்கோனே மனைவியுடன் வார இறுதிக்கு வீடு வருகிறார். ஐம்பத்து மூன்றாவது பிறந்தநாள் கழிந்து ஐந்து நாள். புந்தா ராயிசியில் மூன்று ஃபியாட் குரோமா கார்கள் காத்திருக்கின்றன. வெள்ளைக் காரைத் தானே ஓட்டுகிறார், பக்கத்தில் மனைவி ஃபிரான்செஸ்கா மொர்வில்லோ, அவரும் நீதிபதி. சாரதி ஜுசெப்பே கொஸ்தான்சா பின் ஆசனத்தில். முன்னால் போகிற காரில் மூன்று காவலர், பின்னால் வருகிற காரில் மூன்று காவலர்.

கபாச்சியில் நெடுஞ்சாலைக்குக் கீழே மழைத்தண்ணீர் போக ஒரு மதகு இருந்தது. அந்த ஒடுங்கிய குழாய்க்குள் வெடிமருந்து நிரப்பிய சின்னப் பீப்பாய்களைப் பிள்ளைகளின் ஸ்கேட்போர்டில் வைத்துத் தள்ளியிருந்தார்கள், மொத்தம் 500 கிலோவளவு. வலப்பக்க மலையில், தூரக்கட்டுப்பாட்டுப் பொத்தானோடு ஜொவான்னி புருஸ்கா நிற்கிறான். காருக்குள் கொஸ்தான்சா சாவியைப் பற்றி ஏதோ கேட்க, யோசனையில் இருந்த ஃபல்கோனே ஓடுகிற காரின் சாவியையே கழற்றிவிடுகிறார். கார் வேகம் குறைகிறது. வெடி முன்காரை முழுதாக எடுத்து ஒலிவத் தோட்டத்துக்குள் எறிந்தது. வெள்ளைக் கார் எழும்பிய மண்சுவரில் மோதியது. முன்னிருந்த இருவரும் அன்று இரவுக்குள் இறந்தார்கள். பின் ஆசனத்தில் இருந்த கொஸ்தான்சாவும் மூன்றாவது காரில் வந்த மூவரும் தப்பினார்கள். வெடித்த அதிர்வு நிலநடுக்கம் அளக்கிற கருவிகளில் பதிவானது.

முன்காரில் இருந்த மூவர்: அந்தோனியோ மொந்தினாரோ, வயது 29. ரொக்கோ திச்சில்லோ, 30. வீத்தோ ஸ்கிஃபானி, 27. ஃபல்கோனேயின் பெயரை விமான நிலையத்துக்கே வைத்துவிட்டார்கள். இந்த மூவரின் வயதைத் தயவுசெய்து ஒருமுறை திரும்பப் பாருங்கள். இதைப் படிக்கிற உங்களில் சிலருக்கு அதே வயதாக இருக்கும், பின் ஆசனத்தில் ஒரு குழந்தையும் இருக்கும்.

ஐம்பத்தேழு நாள் கழித்து, ஜூலை 19 அன்று, தாயைப் பார்க்கப் போன போர்செல்லினோவையும் ஐந்து காவலரையும் தமேலியோ வீதியில் கார்க்குண்டால் கொன்றார்கள்.

அந்த வருசம் பலேர்மோவில் இருந்த எங்கட முதல் தலைமுறை ஆட்களுக்கு இத்தாலிய மொழி அரைகுறை. தொலைக்காட்சியில் பிளந்து கிடக்கிற சாலையைப் பார்த்து விளங்கிக்கொள்ள மொழி தேவைப்பட்டிருக்காது. மதகுக்குக் கீழே வெடி என்றால் என்ன என்று ஊரிலேயே அறிந்து வந்தவர்கள். ஏ9 பாதையை ஒரு காலம் பூட்டியதும், 2002இல் திறந்ததும், 2006 ஆகஸ்டில் திரும்பப் பூட்டியதும் அவர்கள் வாயில் இன்னும் தேதியோடு இருக்கும். சாலை என்பது தூரத்தை மட்டும் அளக்கிற பொருள் என்று அவர்களிடம் சொல்லிப் பாருங்கள்!

பிள்ளைகளிடம் எவ்வளவு சொல்லலாம் என்பது வீட்டுக்கு வீடு வேறுபடும். ஐந்து வயதுப் பிள்ளைக்கு, "அம்மம்மா வீட்டுக்குப் பக்கத்தில் பந்தடிச்ச ஒரு அண்ணா பெரிய ஆளாகி, கள்ளரைப் பிடிச்சார், அவரை நினைச்சு வைச்ச தூண்" என்பது போதும். பத்து வயதில் பெயர்களைக் கேட்கும், ஐந்து பெயரையும் சொல்லலாம். பலேர்மோப் பள்ளிக்கூடங்களில் மே 23 அன்று பிள்ளைகள் ஊர்வலம் போவார்கள், நொத்தார்பர்த்தோலோ வீதியில் ஃபல்கோனே வீட்டு வாசல் மரத்தில் கடிதங்களும் படங்களும் கட்டுவார்கள். அங்கே படித்த தமிழ்ப் பிள்ளைகளுக்கு இது தெரியும். வெளிநாட்டில் பிறந்த பேரப்பிள்ளைகளுக்குத்தான் யாராவது சொல்லவேண்டும்.

நெடுஞ்சாலையில் தூணடியில் காரை நிறுத்தக்கூடாது, நிறுத்தவும் வேண்டாம். கபாச்சிப் பக்கம் வெளியேறி ஊர்ச் சாலையால் வந்தால், வெடித்த இடத்துக்கு அருகே ஒரு நினைவுத் தோட்டம் இருக்கிறது. முன்காரின் வானொலிக் குறிப்பெயர் 'குவார்த்தோ சவோனா குவிந்திச்சி'. அதுதான் தோட்டத்தின் பெயரும். மேலே மலையில், புருஸ்கா நின்ற பக்கம் வெள்ளைச் சுவரில் 'மாஃபியா வேண்டாம்' என்று பெரிதாக எழுதியிருப்பது சாலையிலிருந்தே தெரியும். கால்சாவுக்கு வந்துவிட்டால் லிங்கன் வீதி யுங் மாளிகையில் இரு நீதிபதிகளின் பெயரிலும் ஒரு அருங்காட்சியகம் இருக்கிறது, தாவரவியல் தோட்டத்துக்குப் போகிறவர்கள் அப்படியே எட்டிப் பார்க்கலாம். ஃபல்கோனேயின் உடல் இப்போது சான் தொமேனிக்கோ தேவாலயத்தில்.

கொஞ்சம் வளர்ந்த பிள்ளை என்றால் இன்னொன்றும் கேட்கும்: "பட்டனை அமத்தினவன் இப்ப எங்க?" புருஸ்காவை 1996 மே மாதம் பிடித்தார்கள். பிறகு அவன் அரசுத் தரப்புக்கு வாக்குமூலம் கொடுக்கத் தொடங்கினான். அப்படி ஒத்துழைக்கிறவர்களுக்குத் தண்டனையைக் குறைக்கும் சட்டத்தின்படி, இருபத்தைந்து வருசம் முடித்து 2021 மே 31 அன்று சிறையிலிருந்து வெளியே வந்தான். நாடு கொதித்தது. ஃபல்கோனேயின் அக்கா மரியா சொன்னது வேறு. மனுஷியாகத் தனக்கு அது வேதனை, ஆனால் சட்டம் அது, மாஃபியாவை உள்ளிருந்து உடைக்க அந்தச் சட்டம் வேண்டும் என்று கேட்டவரே தன் தம்பிதான் என்றார்.